கிளேர் 1828: ஜெயித்தவர் பெயர் இருக்கிறது, ஓட்டுப் போட்டவர்?

ஒழிந்துபோன பிரிட்டிஷ் தொகுதிகளின் வரலாறு எங்கே தேடினாலும் ஒரே அச்சில்தான் கிடைக்கும். எந்த வருஷம் உருவானது, எத்தனை உறுப்பினர்கள், எந்த வருஷம் ஒழிக்கப்பட்டது, பதிலாக எந்தத் தொகுதிகள் வந்தன. நடுவில் ஒரு நீள அட்டவணை: வருஷம், ஜெயித்தவர், கட்சி, வாக்குகள். அந்தரங்கமாகச் சொன்னால் இந்த மாதிரி அட்டவணைகளை ராத்திரி உட்கார்ந்து மேய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தொழில்முறையில் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். அட்டவணையில் என்ன இருக்கிறது என்பதைவிட, எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும்.

இந்த அட்டவணைகளில் எப்போதும் விட்டுப்போவது ஒன்றுதான். அந்த வருஷம் யாருக்கு ஓட்டு இருந்தது? இது இல்லாமல் ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதலாமா என்றால், பல தொகுதிகளுக்கு ஒப்பேற்றிவிடலாம். அயர்லாந்தின் கிளேர் தொகுதிக்கு முடியாது. அங்கே இந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தால் கதை தலைகீழாகிவிடுகிறது.

கிளேர் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கவுன்ட்டி. ஒரு பக்கம் ஷானன் நதி, இன்னொரு பக்கம் அட்லாண்டிக் கடல். 1801 முதல் 1885 வரை அந்த முழு கவுன்ட்டியும் லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் ஒரே தொகுதி. அதன் முக்கிய ஊரான எனிஸ் நகரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சீட். அட்டவணையில் உலகப் புகழ்பெற்ற வரி 1828 ஜூலை இடைத்தேர்தல்தான். டேனியல் ஓகானல் 2,057. வெஸி ஃபிட்ஜெரால்ட் 982. கத்தோலிக்கர் ஒருவர் நாடாளுமன்றத்தில் உட்காரவே முடியாது என்றிருந்த காலத்தில் ஒரு கத்தோலிக்க வக்கீல் நின்று, இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டு வாங்கி, அரசாங்கத்தை அசைத்து, அடுத்த வருஷமே கத்தோலிக்கருக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தார். பாடப்புத்தகம், சுற்றுலாக் கையேடு, இணையக் குறிப்பு எல்லாவற்றிலும் இதுதான் கதை. எனிஸில் பழைய நீதிமன்றம் இருந்த இடத்தில் ஓகானலுக்கு ஓர் உயரமான தூண் நிற்கிறது. எல்லாம் உண்மைதான். என் குறை இதில் என்ன பொய் என்பது பற்றி அல்ல. அந்த 2,057 என்ற எண்ணை எல்லோரும் ஓகானலின் எண்ணாகவே படிக்கிறார்களே, அதுதான்.

அந்த 2,057 பேர் யார்? பெரும்பாலும் "40 ஷில்லிங் ஃப்ரீஹோல்டர்" எனப்பட்ட சின்னக் குத்தகைக்காரர்கள். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இதில்தான் எல்லாமே இருக்கிறது.

கவுன்ட்டியில் ஓட்டு வேண்டுமென்றால் "ஃப்ரீஹோல்ட்" நிலம் வேண்டும். வாரத்துக்கோ வாடகைக்கோ பிடித்த நிலம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அயர்லாந்தில் "உயிர்க் குத்தகை" என்று ஒன்று பரவலாக இருந்தது. குத்தகைப் பத்திரத்தில் பெயர் குறிப்பிட்ட ஒருவரோ மூவரோ, அவர்களில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை குத்தகை செல்லும். எப்போது முடியும் என்று தேதி இல்லாததால் சட்டம் இதை ஃப்ரீஹோல்டாக எடுத்துக்கொண்டது. குத்தகைப் பணம் போக அந்த நிலம் வருஷத்துக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்ட் பெறும் என்று குடியானவர் சத்தியம் செய்தால் போதும், ஓட்டு உண்டு. 1793 சட்டம் கத்தோலிக்கருக்கும் இந்த ஓட்டை நீட்டியது. அன்றிலிருந்து நிலப்பிரபுக்களுக்குக் கொண்டாட்டம். தன் நிலத்தைத் துண்டு துண்டாக உயிர்க் குத்தகைக்கு விட்டால் அத்தனை ஓட்டு கையில். தேர்தல் அன்று குடியானவர்களை ஊர்வலமாகக் கூட்டிப் போய், எல்லோர் முன்னிலையிலும் வாயால் பெயர் சொல்ல வைக்கலாம். ரகசிய வாக்கெடுப்பு வர 1872 வரை காத்திருக்கணும்.

ஆக, 40 ஷில்லிங் ஓட்டு உருவானதே அடிமை ஓட்டாக. இதை மறைத்து அவர்களை ஜனநாயகப் போராளிகளாக வண்ணம் பூசத் தேவையில்லை. பொய்ச் சத்தியமும் நிறைய நடந்தது. சுவாரஸ்யமே, இப்படித் தயாரிக்கப்பட்ட ஓட்டு தயாரித்தவன் கையிலிருந்து நழுவியதுதான். 1826-ல் வாட்டர்ஃபோர்ட் கவுன்ட்டியில் பெரஸ்ஃபோர்ட் குடும்பத்து வேட்பாளரை அவர்கள் குடியானவர்களே தோற்கடித்தார்கள். ஆனால் அங்கே ஜெயித்த வில்லியர்ஸ் ஸ்டூவர்ட்டும் புராட்டஸ்டண்ட் நிலப்பிரபுதான். இரண்டு வருஷம் கழித்து கிளேர்.

கிளேர் இடைத்தேர்தல் வந்த காரணம் வேடிக்கையானது. 1828-ல் வெலிங்டன் அமைச்சரவையிலிருந்து சிலர் வெளியேற, கிளேர் உறுப்பினர் வெஸி ஃபிட்ஜெரால்டை வர்த்தக வாரியத் தலைவராக்கினார்கள். அந்தக் கால விதிப்படி உறுப்பினர் ஒருவர் மன்னரிடம் சம்பளப் பதவி ஏற்றால் சீட்டை விட்டுவிட்டுத் தொகுதிக்குப் போய் மறுபடி ஜெயித்து வரவேண்டும். வழக்கமாக வெறும் சம்பிரதாயம். ஃபிட்ஜெரால்ட் கெட்டவரும் இல்லை. கத்தோலிக்கருக்கு உரிமை கொடுக்கணும்னு நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டவர். அவருடைய அப்பா 1800-ல் யூனியனை எதிர்த்தவர். வெலிங்டன் அரசில் சேரும் யாரையும் எதிர்ப்பது என்று கத்தோலிக்கச் சங்கம் முன்பே தீர்மானம் போட்டிருந்ததால்தான் இவர் மாட்டிக்கொண்டார். சங்கம் முதலில் தேடியதும் ஒரு புராட்டஸ்டண்டை. மேஜர் மக்னமாராவைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல்தான் "ஏன் ஓகானலே நிற்கக்கூடாது?" என்ற யோசனை வந்தது. சட்டத்தில் ஓட்டை இருந்தது. கத்தோலிக்கர் வேட்பாளராக நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உட்காரும் முன் எடுக்க வேண்டிய பிரமாணம்தான் தடுத்தது.

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் ஓகானலின் வண்டிக்குப் பின்னால் ஓடிவிடுகின்றன. வழியெல்லாம் கூட்டம், பச்சைக் கொடி, எனிஸில் கூடிய முப்பதாயிரம் பேர், ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமல் ஐந்து நாள் வாக்குப்பதிவு. இந்த வர்ணனைகளில் பலவும் ரிச்சர்ட் லாலர் ஷீல் எழுதியதிலிருந்து வருகின்றன. ஷீல் அருமையான எழுத்தாளர், சந்தேகமில்லை. கோரஃபின் ஊர்ப் பாதிரியார் மர்ஃபியை அவர் வர்ணிக்கும் விதம் ஒருமுறை படித்தால் மறக்காது. ஆனால் ஷீல் அந்தத் தேர்தலில் ஓகானலுக்காகப் பேசிய பேச்சாளர். அவர் பார்வையில் நாயகர்கள் பேச்சாளர்கள், பாதிரியார்கள், தலைவர்கள். குடியானவர் கூட்டமாக வருகிறார், கூட்டமாக ஆரவாரம் செய்கிறார், கூட்டமாகக் கண்ணீர் விடுகிறார். தனி ஆளாக ஒருவர் என்ன கணக்குப் போட்டு அந்த மேடைமுன் வந்து நின்றார் என்பது அதில் இல்லை. பிறகு வந்தவர்கள் ஷீலை மூலமாகக் கொண்டதால் அந்தப் பார்வையும் கூடவே வந்துவிட்டது.

அந்தக் கணக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். அயர்லாந்தில் குத்தகைப் பணம் அரை வருஷத்துக்கு ஒருமுறை. வழக்கத்தில் ஒரு தவணை எப்போதும் பாக்கியாகவே ஓடும். "தொங்கும் தவணை" என்று பொருள்படும் பெயரே அதற்கு உண்டு. புதுக் குடியானவர் வந்தால் முதல் அரை வருஷம் கேட்கமாட்டார்கள். பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆனால் அதனால் குடியானவர் எப்போதும் பாக்கிதாரர். ஏஜெண்ட் நினைத்த அன்றைக்கு "பாக்கியைக் கீழே வை" என்று கேட்கலாம். இல்லையென்றால் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று ஊரே கேட்கும்படி வாயால் சொன்ன மனிதர், மறுநாள் காலையில் இந்தப் பாக்கியோடுதான் எழுந்திருக்கணும். டிரோமோலண்டில் சர் எட்வர்ட் ஓபிரையன் போன்ற பெரிய குடும்பங்களின் குடியானவர்களே மாற்றிப் போட்டார்கள். ஓகானல் தோற்றிருந்தால் டப்ளினுக்குத் திரும்பி வக்கீல் தொழிலைப் பார்த்திருப்பார். குடியானவருக்கு அந்த வசதி கிடையாது.

இதற்கு எதிர்த்தரப்பு விளக்கம் ஒன்று அன்றே தயாராக இருந்தது, இன்றும் சிலர் அதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதுகிறார்கள். அவர்கள் சுயமாக ஓட்டுப் போடவில்லை, நிலப்பிரபு பிடியிலிருந்து பாதிரியார் பிடிக்கு மாறினார்கள், அவ்வளவுதான் என்று. பாதிரியார்களின் பங்கு மிகப் பெரியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஊர் ஊராக மக்களைத் திரட்டி எனிஸுக்குக் கூட்டி வந்தது அவர்கள்தான். ஆனால் இந்த வாதத்தின் தர்க்கத்தைப் பாருங்க. நிலப்பிரபு சொன்னபடி போட்டால் அடிமை ஓட்டு. மாற்றிப் போட்டால் அதுவும் அடிமை ஓட்டு. அப்படியென்றால் அந்த மனிதர் எப்படிப் போட்டால் அது அவர் ஓட்டு? எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரே விடை தரும் ஃபங்ஷனை நாங்கள் சோதனை என்று ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று: 1793-லிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக நிலப்பிரபு சொன்னபடி போட்டபோது, "சுதந்திரமில்லாத ஓட்டு, இதை ஒழிக்கணும்" என்ற கோரிக்கை சட்டமாகும் அளவுக்குப் போகவில்லை. மாற்றிப் போட்ட ஒன்பதே மாதத்தில் போனது.

அந்தச் சட்டத்துக்கு வருவோம். கிளேர் முடிவுக்குப் பிறகு வெலிங்டனும் உள்துறை அமைச்சர் பீலும் சந்தித்த சிக்கல் எளிமையானது. ஐரிஷ் கவுன்ட்டி உறுப்பினர் ஒருவரை அமைச்சராக்கினால் இடைத்தேர்தல் வரும், வந்தால் இதேதான் நடக்கும். பொதுத்தேர்தல் வந்தால் கவுன்ட்டி கவுன்ட்டியாக நடக்கும். அதனால் 1829-ல் மூன்று சட்டங்கள் ஒரு மூட்டையாக வந்தன. முதலாவது கத்தோலிக்கச் சங்கத்தைத் தடை செய்வது. இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்த கத்தோலிக்க விடுதலைச் சட்டம், 1829 ஏப்ரல் 13-ல் மன்னர் ஒப்புதல் பெற்றது. மூன்றாவது அதோடு கைகோத்து வந்தது: ஐரிஷ் கவுன்ட்டிகளில் ஓட்டுத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக உயர்த்துவது. பொதுவாகத் தரப்படும் கணக்குப்படி ஐரிஷ் கவுன்ட்டி வாக்காளர்கள் சுமார் 2,16,000-லிருந்து சுமார் 37,000 ஆனார்கள். ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஓட்டு போச்சு.

இங்கிலாந்தில் 40 ஷில்லிங் ஃப்ரீஹோல்டரைத் தொடவில்லை. 1832 சீர்திருத்தச் சட்டம் வந்தபோதும் அங்கே அந்தத் தகுதி அப்படியே இருந்தது. "அங்கே ஃப்ரீஹோல்ட் என்றால் சொந்த நிலம், இங்கே குத்தகைக்கு மாட்டிய முகமூடி" என்று பதில் சொல்வார்கள். பாதி நியாயம். ஆனால் பிரச்சினை உண்மையிலேயே சுதந்திரமில்லாத ஓட்டுத்தான் என்றால் முதலில் கை வைத்திருக்க வேண்டியது இங்கிலாந்தின் சட்டைப்பை நகரத் தொகுதிகளில். அங்கே பிரபு யாரைக் காட்டுகிறாரோ அவர்தான் உறுப்பினர்.

இங்கே ஒரு சின்ன விலகல். விடுதலைச் சட்டத்துக்குப் பிறகு காமன்ஸ் சபையில் முதலில் உட்கார்ந்த கத்தோலிக்கர் ஓகானல் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இல்லை. 1829 மே மாதம் ஹார்ஷம் தொகுதியிலிருந்து வந்த சர்ரே பிரபுதான். நார்ஃபோக் கோமகனின் மகன். ஹார்ஷம் நார்ஃபோக் குடும்பத்தின் சட்டைப்பைத் தொகுதி. 2,057 பேர் தொங்கும் தவணையை மறந்துவிட்டு வாங்கிக் கொடுத்த கதவு வழியாக முதலில் நுழைந்தவர் அப்பா தொகுதியிலிருந்து வந்த மகன்! இது யாரோ திட்டமிட்டுச் செய்த கிண்டல் இல்லை, சட்டம் போன போக்கு அப்படி.

ஓகானல் என்ன செய்தார் என்ற கேள்வியை அவரைப் பற்றிய வாழ்த்துக் கட்டுரைகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போகின்றன. தாண்ட முடியாத விஷயம் இது. 1825-லேயே ஒரு விடுதலை மசோதாவோடு இரண்டு "சிறகுகள்" சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்று 40 ஷில்லிங் ஓட்டை ஒழிப்பது, மற்றது பாதிரியார்களுக்கு அரசுச் சம்பளம். அப்போது ஓகானல் அதற்கு ஒத்துக்கொண்டார். அந்த ஓட்டு எப்படியும் நிலப்பிரபுவின் ஓட்டுத்தானே என்பது அவர் கருத்து. சொந்தத் தரப்பிலேயே பலத்த எதிர்ப்பு வந்தது, மசோதாவும் பிரபுக்கள் சபையில் தோற்றது. 1826 வாட்டர்ஃபோர்ட் அவர் கருத்தை மாற்றியது. இனி இந்தக் குடியானவர்களின் ஓட்டை யாரும் தொட விடமாட்டேன் என்று வெளிப்படையாக வாக்குக் கொடுத்தார். அந்தக் குடியானவர்களே 1828-ல் அவரை ஜெயிக்க வைத்தார்கள். 1829-ல் மசோதா வந்தபோது எதிர்ப்பைப் பதிவு செய்தார். விடுதலைச் சட்டத்தையே பணயம் வைக்கும் அளவுக்குப் போராடவில்லை.

இதைத் துரோகம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுதமாட்டேன். சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மன்னர் நான்காம் ஜார்ஜ் அரைமனதாக இழுக்கிறார். பிரபுக்கள் சபை எந்த நேரமும் கவிழ்க்கலாம். அப்போது முழு மூட்டையையும் தூக்கிப் போடு என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது, கொஞ்சம் பைத்தியமும் வேணும். எனக்கு உறுத்துவது பேரத்தின் அமைப்பு. கிடைத்தது எம்.பி., நீதிபதி, உயர் அதிகாரி ஆகக்கூடிய வசதி கொண்ட கத்தோலிக்கருக்கு. விலை கொடுத்தது அந்தப் பதவிகளின் பக்கம்கூடப் போக முடியாத கத்தோலிக்கர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மதம் என்பதால் "கத்தோலிக்கர் வென்றனர்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரையும் அடைத்துவிட முடிகிறது.

ஃபெர்கஸ் ஓஃபெரல் 1985-ல் இந்த இயக்கம் பற்றி எழுதிய நூலின் துணைத்தலைப்பு "ஐரிஷ் ஜனநாயகத்தின் பிறப்பு" என்கிற பொருளில் அமைந்தது. மாதம் ஒரு பென்னி வசூலில் ஓர் இயக்கம் எப்படி ஊர்மட்டம் வரை கட்டப்பட்டது என்பதற்கு அது நல்ல நூல். அமைப்பு, வசூல், கூட்டம், பத்திரிகை என்று பார்த்தால் "பிறப்பு" என்ற சொல் பொருந்தவே செய்கிறது. வாக்காளர் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பிறந்த வருஷமே ஆறில் ஐந்து பங்கை இழந்த ஒன்றுக்கு வேறு சொல் தேடணும்.

இப்போது அட்டவணையின் அடுத்த வரி. விடுதலைச் சட்டம் அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்குத்தான் புதுப் பிரமாணத்தை அனுமதித்தது. 1828-ல் ஜெயித்த ஓகானல் பழைய பிரமாணத்தைத்தான் எடுக்கணும். 1829 மே மாதம் சபையின் முன் நின்று மறுத்தார். சீட் காலி என்று அறிவித்து மறுபடி கிளேருக்கே அனுப்பினார்கள். ஜூலையில் போட்டியின்றித் தேர்வு. அட்டவணையில் அந்த வரிக்கு நேரே வாக்கு எண்ணிக்கை இருக்காது, "போட்டியின்றி" என்று மட்டும் இருக்கும். முதல் வெற்றிக்கு 2,057 பேர் வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு ஒருவர்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் ஓகானல் வாட்டர்ஃபோர்ட் கவுன்ட்டி சீட்டுக்கு மாறிவிட்டார்.

ஓட்டுப் போனதால்தான் குடியானவர்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஓட்டு இருந்தவரை குடியானவரை வைத்திருப்பதில் நிலப்பிரபுவுக்கு லாபம், போனபின் அவர் வெறும் இடைஞ்சல் என்பது இதன் சாரம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் முழுச் சுமையையும் இதன் தலையில் ஏற்றக்கூடாது. 1815-ல் நெப்போலியன் போர் முடிந்து தானிய விலை சரிந்ததிலிருந்தே சின்ன நிலங்களை ஒன்று சேர்க்கும் ஆசை நிலப்பிரபுக்களுக்கு வந்துவிட்டது. உள்குத்தகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1826-லேயே வந்தது. 1829 செய்தது, அந்த ஆசைக்கு இருந்த ஓர் அரசியல் தடையை எடுத்தது. அது சின்ன விஷயம் அல்ல. முழுக் காரணமும் அல்ல.

எப்படியானாலும் 1840-களின் பஞ்சம் வந்தபோது கிளேர் அனுபவித்தது மிகக் கொடுமை. 1841 கணக்கெடுப்பில் சுமார் 2,86,000 பேர் இருந்த கவுன்ட்டி, 1851-ல் சுமார் 2,12,000. தென்மேற்கில் கில்ரஷ் வட்டாரத்தில் வீடுகளை இடித்து ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் நிறுத்தினார்கள். ஏழைகள் நிவாரண அதிகாரியான கேப்டன் ஆர்தர் கென்னடி அனுப்பிய அறிக்கைகளால் அது நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அங்கே நிவாரணக் குழுத் தலைவராக இருந்தவரும், தன் நிலத்திலிருந்து குடிகளை வெளியேற்றியவரும் ஒரே ஆள்: கர்னல் வாண்டலர். அட்டவணையில் தேடிப் பாருங்க. 1859 முதல் 1874 வரை கிளேரின் கன்சர்வேடிவ் உறுப்பினர் கிராஃப்டன் மூர் வாண்டலர். கட்சிப் பெயர், வருஷம், ஓட்டு. அவ்வளவுதான் அந்த வரியில். "யாருக்கு ஓட்டு இருந்தது" என்ற கட்டம் இருந்திருந்தால், பஞ்சம் முடிந்து பத்து வருஷத்துக்குள் அவர் எப்படி ஜெயித்தார் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்திருக்கும். துரத்தப்பட்டவர்கள் யாரும் அந்த வாக்காளர் பட்டியலில் இல்லை.

இருந்தவர்கள் பாடும் சுகம் இல்லை. 1852 பொதுத்தேர்தலின்போது நிலப்பிரபுவின் குடியானவர்களை ஓட்டுப் போடக் கூட்டிக்கொண்டு வந்த படைக்கும் கூட்டத்துக்கும் சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்ற ஊரில் மோதல் வந்தது. கல்வீச்சு, பிறகு துப்பாக்கிச் சூடு, குறைந்தது 6 பேர் சாவு. வாக்காளருக்கு ஒரு பக்கம் பட்டாளம், இன்னொரு பக்கம் ஊர். 1828-ன் "ஒழுங்கான, சாராயமில்லாத" ஐந்து நாளை வெறும் அழகுக் காட்சியாகப் படிக்கிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கணும். அந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. ஒரு சம்பவம் நடந்தால் அதையே சாக்காக வைத்துத் தேர்தலை அரசு முடக்கிவிடும் என்று தெரிந்து, கட்டிக்காத்து உண்டாக்கியது.

இந்த நீள அட்டவணையில் எனக்குப் பிடித்த ஆள் ஓகார்மன் மஹோன். 1828-ல் ஓகானலுக்காக ஊர் ஊராகச் சுற்றிய இளைஞர்களில் ஒருவர். 1830-ல் அவரே கிளேரில் ஜெயித்து, லஞ்ச வழக்கில் சீட்டை இழந்தார். அரை நூற்றாண்டு கழித்து 1879-ல், எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், அதே கிளேருக்கு உறுப்பினராகத் திரும்பி வந்தார். அந்த இடைத்தேர்தல் வந்த காரணமும் சிரிப்பை வரவழைக்கும். 1877-ல் சர் பிரையன் ஓலாக்லன் என்பவர், தான் ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவில் இருக்கும்போதே கிளேருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வந்து உட்காரவே இல்லை. அங்கேயே அட்டர்னி ஜெனரல் ஆனார். மன்னரிடம் பதவி ஏற்றால் சீட் காலி என்ற அதே பழைய விதி! ஃபிட்ஜெரால்டை 1828-ல் எனிஸுக்கு இழுத்து வந்த விதிதான் 1879-ல் கிழவர் மஹோனுக்குக் கதவைத் திறந்தது. 1880-ல் மஹோனோடு ஜெயித்த இன்னொருவர் கேப்டன் ஓஷே. அவர் மனைவி கேத்தரின், தலைவர் பார்னெல், விவாகரத்து வழக்கு என்று அது வேறு பெரிய கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1884-ல் புதுச் சட்டம் கவுன்ட்டிகளிலும் வீட்டுக்கு ஓட்டு என்று கொண்டுவந்தது. அயர்லாந்தின் வாக்காளர் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 55 வருஷம் கழித்து, சின்ன நிலக்காரர்கள் பெருவாரியாக மறுபடி பட்டியலுக்குள் வந்தார்கள். அதே கையோடு 1885 மறுவரையறை கிளேர் தொகுதியை ஒழித்தது. எனிஸ் சீட்டும் போனது. கிழக்கு கிளேர், மேற்கு கிளேர் என்று ஆளுக்கொரு உறுப்பினரோடு இரண்டு தொகுதிகள் வந்தன. அதாவது கிளேர் என்ற முழுக் கவுன்ட்டித் தொகுதி, 1829-ல் தன் வாக்காளர்களை இழந்தபின், அவர்கள் திரும்பி வந்த ஒரு பொதுத்தேர்தலைக்கூடப் பார்க்கவில்லை. கிழக்கு கிளேரில் 1917 ஜூலையில் டி வலேரா 5,010-க்கு 2,035 என்று ஜெயித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓகானலின் தொகுதி என்று ஒருமுறை சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டு வெற்றிகளையும் ஒரே கோட்டில் வைப்பதற்கு முன், 1917-ல் ஓட்டுப் போட்ட அந்த 5,010 பேரில் எத்தனை பேர் 1829 விதிப்படி வெளியே நின்றிருப்பார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.